காப்புக் கட்டிய கையோடு கோர்ட்டுக்கு

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் யோசிக்க வராது. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயில் ரோட்டை ஆக்கிரமித்திருக்கிறது, அகற்ற வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்ட அன்றும் அப்படித்தான். நாங்கள் பிழைக்க வந்தவர்கள். சிவகாசிப் பக்கத்திலிருந்து நான் ஓசூருக்கு வந்த புதிதில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், ஷிப்ட் முடிந்து போய் உட்கார எனக்கிருந்த ஒரே இடம் அது. ஒருநாள்கூட அங்கே வந்து கும்பிடாதவர்கள் அதை எடு என்று எப்படிச் சொல்லலாம்? சாமி விஷயத்தில் கோர்ட்டுக்கு என்ன வேலை? இன்றைக்கும் எனக்கு அதே கேள்விதான்.

கமிட்டி போட்டோம். வக்கீல் பிடித்து, உத்தரவுக்குத் தடை கேட்டு என் பெயரில் மனுப் போட்டோம். போராட்டம் என்றால் கம்பெனி ஆட்களான எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அத்தனை பேரும் சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு கோயில் முன்னால் போய் உட்கார்ந்தோம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பூசாரியம்மா இந்த மண்ணில் பிறந்தவர். விளக்குமாறோடு வெளியே வந்தார்.

“ஏம்பா, ஆத்தா வாசல்ல கறுப்பு குத்திக்கினு உக்காந்திருக்கீங்களே, எழவுக்கா வந்தீங்க?”

பேட்ஜுகள் சட்டைப்பைக்குள் போயின. “கையை நீட்டுங்க, திருவிழாவை இப்பவே வெச்சிக்கலாம். காப்பு கட்டுன கோயில்மேல எவன் கை வைக்கிறான்னு பாக்கறேன்” என்று மஞ்சள் கயிற்றை எடுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முதல் ஆளாகக் கையை நீட்டினேன். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தினமும் கர்நாடகா பக்கம் வேலைக்குப் போகிறவர்கள்கூட லீவு சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் வக்கீல் போன் செய்தார். “வியாழக்கிழமை கேஸ் வருது சார். மனுதாரர் நேர்ல வந்தே ஆகணுமாம்.”

மனுதாரர் நான். கோர்ட் இருப்பது சென்னையில். இவ்வளவு பேர் கூடிக் கமிட்டி போட்டும் ஒருத்தர் மண்டையிலும் இது உறைக்கவில்லை.

“ஆத்திரத்துல மொத ஆளா கைய நீட்டுனீகல்ல, இப்ப முழிங்க” என்றாள் என் மனைவி. பூசாரியம்மாவிடம் போய் நின்றேன்.

“நீ போவலைன்னா கோயில் போயிரும். போனீன்னா, திருவிழா அன்னிக்கி நீ உள்ள வர முடியாது. தாண்டுனவன் தாண்டுனவன்தான். அதை நான் மாத்த முடியாதுப்பா.”

அழுகையை அடக்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

கோர்ட்டில் சண்டை போடும் வேகத்தில் நின்றேன். ஜட்ஜ் என் மணிக்கட்டைப் பார்த்தார். “காப்புக் கட்டிட்டு ஊரை விட்டு வரலாமா?” என்று தமிழிலேயே கேட்டார்.

“வரக் கூடாதுங்கய்யா. நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன்.”

திருவிழா முடியும்வரை கோயிலைத் தொடக் கூடாது, மாற்று இடம் பற்றி அதன்பிறகு பேசலாம் என்று உத்தரவானது. நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் எங்கள் அம்மன் அவள் இடத்தில் இருப்பதற்கு இன்னொருவரிடம் நாள் கேட்டு நின்றது இன்னும் உறுத்துகிறது.

திருவிழா அன்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஞ்சர் கடை வாசலில் நின்றுகொண்டேன். மனைவி மாவிளக்குத் தட்டோடு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள். உள்ளே மேளம் கொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தலையில் கரகத்தோடு பூசாரியம்மா வெளியே வந்தார். வழக்கமாக இடதுபக்கம் திரும்பித் தெருவுக்குள் போவார். அன்று நேரே ரோட்டில் இறங்கினார். கம்பெனி பஸ்ஸும் லாரிகளும் அப்படியே நின்றன. மேளக்காரர்கள் ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடிவந்தார்கள். என் முன்னால் வந்து நின்றார்.

“நீதான் உள்ள வரக் கூடாது. ஆத்தா வெளிய வரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது?”

நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். பஞ்சர் கடை வாசலிலேயே விழுந்து கும்பிட்டேன்.