பூட்டும் அண்ணியின் பழைய போனும்

பதினொன்று. இந்த எண்ணை மறக்காதீர்கள். துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய நூற்றிருபது வீடுகளுக்கு நான்கு நாளில் இணையதளம் வழியாக வந்த விண்ணப்பங்கள் அவ்வளவுதான். "அவங்களுக்கு வீட்டு மேல ஆசையே இல்லபோல" என்று நகராட்சியில் பேச்சு. சுத்தப் பொய்.

அங்கே வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பவளுக்குப் பட்டப்பெயர் பூட்டு. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதே பிழைப்பு. ஒரு சான்றிதழ் காலாவதியாகப் பத்து நாள் இருக்கும்போதே போன் போட்டு உயிரை எடுப்பாள்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் காலை, பூட்டின் அண்ணி தன் பழைய போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். அண்ணி பதினாறு வருஷமாகத் தெருக் கூட்டுகிறவள்.

"ஏன்டி, ஊருக்கெல்லாம் பூட்டுப் பாக்குற. வீட்டுக்கு மனுப் போடப் போனா எனக்கு மட்டும் 'ஆபத்து, உள்ள போகாதே'ன்னு வருது. வீடு வேணாம்னு சொல்ல இந்தப் போன் யாருடி?"

பூட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தளத்துக்கு 'சரி' போட்டதே அவள்தான். அண்ணியைக் கையோடு இழுத்துக்கொண்டு, தளத்தை நடத்தும் கணினிகள் இருக்கும் சர்வர் அறைக்கு ஓடினாள்.

சர்வர்காரர் நாற்காலியை விட்டு அசையவில்லை. "என் மெஷின்ல நல்லாத்தானே வருது?"

"உங்களுது புதுசுண்ணே. என்னுதும் புதுசு. அதான் ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம். தெருக் கூட்டுறவங்க கையில இருக்குறது இது."

தளத்தின் சான்றிதழுக்குச் சாட்சியாக இன்னொரு சான்றிதழும் கூடவே போக வேண்டும். அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். புதுக் கணினி, விட்டுப்போனதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பழைய போனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடும்.

"தப்பு என்னோடதுன்னே எழுதித் தரேன். மொதல்ல அதைச் சேருங்க. அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."

"சேர்க்கலைன்னா?"

"நான் இங்கயே உக்காந்துருவேன்" என்றாள் அண்ணி. "என் துடைப்பமும்தான்."

அவர் சிரித்துக்கொண்டே தட்டினார். ஏழு நிமிட வேலை. அண்ணியின் போனில் பூட்டுப் படம் வந்தது.

"இனிமே உங்க போன் ஒத்துக்கிட்டாத்தான் நான் 'சரி' போடுவேன், அண்ணி."

"அதுக்குச் சம்பளம் யாரு தருவா?" என்றவள், நின்ற இடத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டாள். பிறகு கூட்டாளிகளுக்கெல்லாம் குரல்செய்தி: "தொறந்துருச்சு, எல்லாரும் போடுங்கடி!"

ஆசையில்லை என்றவர்கள் ஐந்து மணிக் கணக்கைப் படிக்கட்டும்.

நானூற்று முப்பத்தெட்டு.