தம்பியின் முதல் அடி

மகள் முதன்முதலாக நடக்கும் வீடியோவைக் குழந்தைகள் காப்பகம் அனுப்பியபோது அம்பத்தூர் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்தேன். மாலை பஸ்ஸில்தான் முழுதாகப் பார்த்தேன். அதில் டீச்சர்கள் கைதட்டினார்கள்.

என் சின்ன வயதில் தம்பி முதன்முதலாக நடந்தபோது எங்கள் பால்வாடியில் யாரும் கைதட்டவில்லை. சத்துமாவு கிண்டிக்கொண்டிருந்த ஆயா ஓடிவந்து என் வாயைத்தான் பொத்தினார்.

"அம்மாகிட்ட சொல்லாத கண்ணு. அது ஊட்ல பாக்கட்டும்."

கம்பெனி விட்டு வந்த அம்மாவிடம், "இன்னிக்கு நடந்துடுவான், பாத்துகினே இரு" என்றார். மெஷின் ஆயில் வாடையடிக்கும் சேலையோடு அம்மா வீட்டுத் தரையில் உட்கார்ந்து கை நீட்ட, தம்பி நடந்தான்.

பஸ் இறங்கி வீட்டுக்கு வந்ததும் மகள் நடந்துவிட்டதை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"உன் தம்பி நான் வர வரைக்கும் காத்துகினு இருந்தான். உம் பொண்ணு?"

"அவளும்தாம்மா" என்றேன்.