அம்மி மறந்த தூக்கம்

அது தூங்கும்போது ஒரு சத்தம் வரும். படியிறங்குவதுபோல மூன்று சுரங்கள். கடைசிச் சுரம் மட்டும் சற்றுக் கரகரத்து, தண்ணீர் நின்றுபோன குழாயில் காற்று இழுபடுவதைப் போல முடியும். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்பக்கம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் நடு அறையில் உட்கார்ந்து நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும் மாலை நேரங்களில், அடுத்த அறையிலிருந்து அந்தச் சத்தம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் மூளும்.

இளமைக்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் இளமையைத்தான் எழுதுவார்கள். என்னுடையதில் நான் யாருக்கும் கெடுதல் செய்ததாக நினைவில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். நான் எழுத வேண்டியது என் மகள் கிருபா பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த அந்தக் கோடை விடுமுறையை. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன்.

கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது, சோப்பு டப்பா அளவில் ஒரு வீடியோ கேமும் அதற்குள் செருகுகிற ஒரு "கேசட்டும்" கிருபாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பூதங்களைப் பிடித்து, வளர்த்து, இன்னொருவருடைய பூதங்களோடு மோதவிடுகிற விளையாட்டு அது. இரண்டு கேம்களை ஒரு ஒயரால் இணைத்துக்கொண்டு, ஆளுக்கு மூன்று பூதங்களை வைத்து, நீ ஒரு முறை நான் ஒரு முறை என்று மாறி மாறி அடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் நெருப்பைக் கக்குவது, மின்னலாய்ப் பாய்வது என்று துடியான பூதங்களையே வைத்திருந்தார்கள். கிருபா வைத்திருந்தது யானைக்கும் ஆமைக்கும் பிறந்ததுபோல, கழுத்தே இல்லாமல், திரையின் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கனத்த பிராணி. அதற்கு அவள் அம்மி என்று பெயர் வைத்திருந்தாள்.

அம்மிக்கு அடிக்கத் தெரியாது என்றே சொல்லலாம். முதல் முறையில் எதிரியின் மேல் நஞ்சைத் தூவிவிடும். அதற்குப் பிறகு அசையாமல் நின்று அடி வாங்கும். எதிரியின் உயிர் நஞ்சினால் முறைக்குக் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்க, அம்மி தன் தடித்த தோலின்மேல் எல்லா அடிகளையும் வாங்கிக்கொண்டு, உயிர் ஒரு நூலளவுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிடும். தூங்கி எழுந்தால் போன உயிர் முழுவதும் திரும்ப வந்திருக்கும். எதிரே இருப்பது கடைசியில் தானாக விழும்.

கிருபாவும் அந்த வயதில் பருமனாக இருந்தாள். எங்கள் வீட்டு வாசற்படியில் பிள்ளைகள் கூடி விளையாடும்போது நடக்கிற பேச்சு உள்ளே எனக்குக் கேட்கும்.

"இன்னா கிருபாக்கா, குண்டு அடிக்கவே மாட்டேங்குது, தூங்கிகினே கீது."

"தூங்கட்டும்டா. உன்னுது எவ்ளோ நேரம் முழிச்சிருக்குன்னு பாக்கலாம்."

"பேஜாருக்கா உன்னோட. அடிச்சா அழணும், இல்ல திருப்பி அடிக்கணும். சும்மா நின்னா எப்டி?"

அவள் சிரிப்பாள். சற்று நேரத்தில் அந்த மூன்று சுரங்கள் கேட்கும், பிறகு பையன்களின் முனகல். அவள் தோற்று நான் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் அவளைப் பதினொன்றாம் வகுப்புக்கு மேற்கே தொலைவில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க நான் முடிவு செய்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு எழுப்பி இரவுவரை படிக்கவைத்து மதிப்பெண் வாங்கித் தருகிற பள்ளி. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரின் பிள்ளைகள் அங்கே படித்து மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தார்கள், ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு ஓயாது. கிருபா போகமாட்டேன் என்று அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒருநாள் மாலை குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, வேதப் புத்தகத்தை நான் திறப்பதற்குள் கேட்டாள்.

"அப்பா, குரோம்பேட்டைல கேம் கடையில போட்டி வெக்கிறாங்க. நான் ஜெயிச்சா ஹாஸ்டல் வேணாம். இங்கயே படிக்கிறேன்."

"அடிக்கத் தெரியாத ஒண்ண வெச்சுகிட்டு நீ என்னம்மா ஜெயிக்கப்போற?"

"ஜெயிச்சான்னுதானப்பா சொல்றேன். ஜெபத்துல சொல்லுங்க."

எங்கள் வீட்டில் ஜெபத்தில் சொன்ன வார்த்தையை யாரும் திரும்பப் பெறக் கூடாது. நான் போட்ட சட்டம்தான் அது. அவள் சிறுமியாக இருந்தபோது, பென்சில் திருடமாட்டேன், பொய் சொல்லமாட்டேன் என்று அவளிடம் வாங்கிய உறுதிகளுக்காகப் போட்டது. நான் கண்களை மூடிக்கொண்டு, கொஞ்சம் விளையாட்டாகவே, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை ஜெயித்தால் இங்கேயே படிக்கட்டும்" என்று சொன்னேன். கண்ணைத் திறந்தபோது என் மனைவி ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆமென் சொல்லவில்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை தொடங்கியது. பதினாறு பிள்ளைகள். இறுதி ஆட்டம் மட்டும் மறுநாள் மாலைக்கு. வேடிக்கை பார்க்கலாமென்று போன நான், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியிலிருந்த அந்தக் கடையின் கதவோரமே நின்றுவிட்டேன். கிருபா பெஞ்சில் கால்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் திரையைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. அம்மிக்குத் தெரிந்த வித்தைகள் நான்கு, அவை ஒன்றின்கீழ் ஒன்றாகத் திரையில் வரும். முதல் இடத்தில் நஞ்சு, கடைசி இடத்தில் தூக்கம். பெயர்களைப் படிக்காமல், இடத்தை எண்ணியே அவள் விரல் இறங்கி ஏறியது. அவளைவிட உயரமான பையன்கள் ஒவ்வொருவராகப் பொறுமையிழந்து, கண்டபடி அடித்து, தோற்று எழுந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணா சார்? ரொம்ப நிதானம். நாளைக்கு இதுதான் ஜெயிக்கும்" என்றார். எனக்கு அப்போது மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். ஜெபத்தில் நான் சொன்ன வார்த்தைதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு காலை முழங்கால் வலி என்று சொல்லி நான் கோயிலுக்குப் போகவில்லை. கோயிலுக்கு கேம் எடுத்துப்போகக் கூடாது என்பதும் என் சட்டம்தான், எனவே அவள் அதை டிவிமேல் வைத்துவிட்டு அம்மாவோடு போனாள். பக்கத்திலேயே பிள்ளைகள் கைமாற்றிக்கொள்கிற "ஜெராக்ஸ்" தாள்கள் இருந்தன. எந்தப் பூதத்துக்கு எவ்வளவு பலம், எந்த வித்தை எவ்வளவு உயிரைக் குறைக்கும் என்ற பட்டியல்கள். இயற்பியல் படித்தவனுக்கு அது அரைமணி நேர வேலை. இறுதி ஆட்டத்தில் அவளுக்கு எதிராக வரப்போகும் பல்லாவரத்துப் பையன் தினேஷின் மூன்று பூதங்களை நேற்றே பார்த்திருந்தேன். தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று வழியாகப் போட்டாலும் அம்மி ஜெயித்தது. மூன்றாவது தடவை விடை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஜெபத்தில் சொன்னதை மீற என்னால் முடியாது. அவள் ஜெயிக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அன்று காலை எனக்கு இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தோன்றியது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஒரு பூதத்துக்கு நான்கு வித்தைகளுக்குமேல் இருக்க முடியாது. ஐந்தாவதைக் கற்றுக்கொடுத்தால் பழையவற்றில் ஒன்றை அது மறந்தாக வேண்டும், மறந்தது திரும்ப வராது. விளையாட்டுக்குள் கிருபாவின் பையில் இடி என்ற வித்தையைக் கற்றுக்கொடுக்கும் சுருள் ஒன்று பயன்படுத்தாமல் கிடந்தது. அதை எடுத்து அம்மிக்குக் கொடுத்து, தூக்கத்தை மறக்கச் சொன்னேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். இரண்டாம் தடவையும் கேட்டது. வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன், பக்கத்து வீட்டுக்கு வந்தது. மறுபடியும் ஆம் என்று அமுக்கினேன். அதை "சேவ்" செய்து, அணைத்து, அவள் வைத்திருந்த அதே கோணத்தில் டிவிமேல் வைத்தேன். தூக்கம் இருந்த கடைசி இடத்தில் இப்போது இடி இருந்தது.

மாலையில் நானே அவளை ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். ஆட்டம் அரைமணி நேரம் நடந்தது. தினேஷின் முதல் பூதம் நஞ்சில் விழுந்தது, இரண்டாவது தள்ளாடியது, அம்மியின் உயிர் நூலளவுக்கு வந்தது. கிருபா நிதானமாக விரலை மூன்று படி இறக்கி அமுக்கினாள். தூங்கும் சத்தம் வரவில்லை. திரை வெள்ளையாக மின்னியது. அம்மி எழுந்து நின்று, கிட்டத்தட்ட ஒன்றுமே ஆகாத ஒரு அடியை அடித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அட, குண்டு முழிச்சிகிச்சுப்பா," என்றான் யாரோ ஒருவன்.

கிருபா பட்டியலைத் திறந்து படித்தாள். மேலிருந்து கீழ்வரை, கீழிருந்து மேல்வரை. தினேஷ்கூடக் குரலைத் தாழ்த்தி, "இன்னாச்சுக்கா?" என்று கேட்டான். அடுத்த அடியில் அம்மி விழுந்தது. மற்ற இரண்டும் பேருக்கு வைத்திருந்தவை, சீக்கிரமே முடிந்துவிட்டன.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நின்றோம். பின்னாலிருந்து அவள், "தூக்கத்தக் காணோம்பா. எப்படிப்பா போகும்?" என்று கேட்டாள். என்னைச் சந்தேகித்து அல்ல. தெரிந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் அசதியில உக்காந்து நோண்டிகிட்டு இருந்தியே," என்றேன். "நீயே பாக்காம எதையாவது அமுக்கியிருப்ப."

ஒரு மின்சார ரயில் கடந்து போனது. பிறகு, "இருக்கும்பா," என்றாள்.

ஜூன் மாதம் அவளை விடுதியில் விட்டு வந்தேன். இரண்டு வருடத்தில் மெலிந்து, முடி கொட்டி, நல்ல மதிப்பெண்களோடு திரும்பினாள். மருத்துவம் கிடைக்கவில்லை, பொறியியல் கிடைத்தது. அதையெல்லாம் நஷ்டமென்று சொல்லமாட்டேன், பலருக்கும் நடப்பதுதான். அவள் கையை அவள் நம்பாமல் போனதுதான் என் கணக்கில் வராதது. கதவைப் பூட்டிவிட்டு ரயில் நிலையம்வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். ஒரு மின்னஞ்சலை அனுப்ப அரைமணி நேரம் எடுப்பாள். அலுவலகத்தில் பெரிய பொறுப்பு ஒன்று தேடி வந்தபோது, "என் கைய நம்பிக் குடுக்காதீங்க சார், நான் பாக்காம அமுக்கிடுவேன்" என்று மறுத்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள். ரூத் அன்று என்னைப் பார்த்தாள், அந்த ஜெபத்தின்போது பார்த்ததுபோலவே. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது நான் ஊரப்பாக்கத்தில் கிருபாவோடு இருக்கிறேன். இந்த மழைக்காலத்தில் ஒருநாள், பள்ளி விடுமுறை விட்டிருந்தபோது, என் பேத்தி ஜோ கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்த படம் ஒன்றைத் தெரியாமல் அழித்துவிட்டு அழுதாள். கிருபா அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அழாத. நானும் உன்ன மாதிரிதான். சின்ன வயசுல ஒரே ஒரு பட்டன பாக்காம அமுக்குனேன், எல்லாம் போச்சு. அதுலேருந்து எதையும் மூணு தடவ பாத்துட்டுதான் செய்வேன். நம்ம ரெண்டு பேர் கையும் அப்படி. நீயும் பழகிக்கோ."

"நம்ம கைன்னா?" என்று கேட்டுக் குழந்தை தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தது.

அன்று பிற்பகல், குழந்தை மாடிக்குப் போன பிறகு, கிருபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் வலி, ஜெராக்ஸ் தாள், இடி, இரண்டு தடவை ஆம். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்காகத்தான் காத்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

"இல்லப்பா," என்றாள். "நான்தான் அமுக்குனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கட்டில்ல குப்புறப் படுத்துகிட்டு இருந்தேன். நிச்சயமான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன். திருப்பியும் கேட்டுச்சு."

"அது நான்தாம்மா. நீ கோயில்ல இருந்த."

"பாப்பாகிட்ட சொன்னத கேட்டுட்டு மனசு கஷ்டமாயிடுச்சா? எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம்பா." மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மெய்ப்பிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. குரோம்பேட்டையில் அந்தக் கடை இருந்த மாடியில் இப்போது கண்ணாடிக் கடை. கேசட்டைத் தேடியெடுத்து, பழைய பொருள் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் பேட்டரி ஒன்று இருக்குமாம், அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடுமாம், தீர்ந்து பல வருடமாகிறது என்றார். அம்மி இல்லை, இடி இல்லை. ரூத்தும் இல்லை. மிச்சமிருப்பது அவள் நினைவும் என் நினைவும்தான். அவள் நினைவில் இருப்பதை என் வாயால் வைத்தது நான், அது இப்போது என் பேச்சைவிட உறுதியாக இருக்கிறது.

நேரில் சொன்னால் நம்பமாட்டாள் என்பதால் இதை எழுதி, அச்சில் வருவதற்குக் கொடுக்கிறேன். கிருபா, அன்று காலை நீ கோயிலில் இருந்தாய். அந்தப் பட்டனை நீ அமுக்கவில்லை.