ஏழாவது மைலும் ஏழாவது கிலோமீட்டரும்

திருவண்ணாமலையிலிருந்து என் அம்மா இருக்கும் கீழ்பென்னாத்தூருக்குப் போகும் வழியில் ஏழாவது மைல் என்று ஒரு நிறுத்தம் உண்டு. மைல் வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நான் பள்ளியில் படித்ததே கிலோமீட்டர்தான். ஆனாலும் கண்டக்டர், "ஏழாவது மைல்லாம் முன்னாடி வா" என்றுதான் இன்றைக்கும் கத்துகிறார். அங்கே நிற்கும் பழைய கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, அது மைல் சாமியாகிவிட்டது. மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறி, செதுக்கியிருந்த எண் மறைந்தேபோனது. சாமிக்கு எதற்கு எண்!

வேடிக்கை என்னவென்றால், கிரிவலம் பதினாலு கிலோமீட்டர் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லும். மலையைச் சுற்றினால் கிலோமீட்டர், பஸ் ஏறினால் மைல். எங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரும்வரை.

என் கணவர் தெற்கத்திக்காரர். டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை. கல்யாணமான புதிதில், ஒரு மார்கழிக் காலையில் என் தம்பி அவரைப் போனில் கூப்பிட்டான். டவுனுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவன், பைக் சறுக்கி விழுந்துவிட்டான். "மாமா, ஏழாவது மைலாண்ட கீழ வுட்டுட்டேன். கால்தான். கார எடுத்துனு வாங்க." அவ்வளவுதான் சொன்னான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கார் கிளம்பியிருந்தது.

அதன் பிறகு நடந்ததை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். மைல் என்றால் மைல்கல், மைல்கல்லில் கிலோமீட்டர்தானே எழுதியிருக்கும் என்று நினைத்திருக்கிறார். ஏழாவது கிலோமீட்டர் கல்லில் காரை நிறுத்தி, பனிக்குள் இரண்டு பக்கமும் தேடியிருக்கிறார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. வரப்பில் இறங்கி, கிணற்று மேட்டில் ஏறி, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் மொபெட்டில் வந்த ஒருவர்தான், "ஏழாவது மைலா? அது இன்னும் போவணுமேங்க" என்றாராம். இன்னும் நாலு கிலோமீட்டர். அவர் போய்ச் சேர்ந்தபோது பைக் மட்டும் கிடந்தது. பால் வண்டிக்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அடி காலில் மட்டும் இல்லை. அவன் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால்தான் மாப்பிள்ளை வரத் தாமதம் என்று சாவு வீட்டில் யாரோ சொன்னார்கள். அம்மா அதை நம்பினாள். நாங்கள் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கார் மேல் அம்மாவுக்கு ஒரு வெறுப்பு. அவரோ ஏழாவது கிலோமீட்டர் வந்தால் வண்டியை மெதுவாக்கி இரண்டு பக்கமும் பார்ப்பார். நான் கேட்டதில்லை. எனக்கே அந்த இடத்தில் மூச்சு நின்றுதான் வரும். தம்பி விழுந்த இடத்தில் எனக்கு அழுகை வரும், அவ்வளவுதான். அவன் இல்லாத இந்த இடத்தில்தான் அவன் இருக்கிறான்.

தம்பியின் திதிக்கு முதல் நாள் அம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். வழியில் மைல் சாமிக்கு மஞ்சள் பூசிவிட்டுத்தான் வருவாள். போன முறை அங்கே ஒரே கூட்டம். ரோட்டை அகலப்படுத்தி, புது நிழற்குடை கட்டி முடித்திருந்தார்கள். அதில் என்ன எழுதுவது என்று சண்டை. "மைல்னா இன்னான்னு இப்ப யாருக்குத் தெரியும்? அசிங்கமா கீது. பதினொரு கிலோமீட்டர்னு எழுதுங்க" என்றது இளவட்டம். டீக்கடைக்காரர் விடவில்லை: "கிலோமீட்டர்னு சொன்னா பஸ்சு நிக்குமாடா? சாமிக்கே மைல்னுதான் பேரு." ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்; பெயின்டர் நிழலில் உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தப் பெயர் ஒழிந்தால் போதும் என்றிருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் என் கணவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். ஊர் வம்பென்றால் ஒதுங்கிப் போகிற மனிதர்.

"பேர எடுத்துராதீங்க," என்றார். "இங்க உள்ள ஆளு விழுந்து கெடந்தா அந்தப் பேரத்தான் சொல்லுவான். ஆனா கீழயே பதினொரு கிலோமீட்டர்னும் போடுங்க. தெரியாதவன் ஏழாவது கிலோமீட்டர்ல போயித் தேடுவான்." நிழற்குடையைப் பார்த்தபடியே, "நான் தேடுனேன்," என்றார்.

அம்மா மஞ்சள் கையோடு கல்லருகே நின்றிருந்தாள். இனி இவள் இவர் முகத்தில் விழிப்பாளா என்றுதான் நினைத்தேன்.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வெயில்ல நிக்காதீங்க மாப்ள. வண்டிய எடுங்க."

ஏழாவது கிலோமீட்டர் வந்தது. வழக்கம்போல் வண்டி மெதுவானது.

"இங்கதானா?" என்றாள் அம்மா பின்சீட்டிலிருந்து.

"ஆமாங்கத்த."

"நிறுத்துங்க."

இறங்கினாள். நாங்களும் இறங்கினோம். ஒரு பக்கம் மல்லாட்டைக் கொல்லை, கடலைச் செடி தரையோடு தரையாக; மறுபக்கம் நெல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்டீங்களா?"

"கூப்ட்டேன்."

"சத்தமாவா?"

அவர் தலையை ஆட்டினார். அம்மா ரோட்டோரத்துக்குப் போய், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில் கொல்லையைப் பார்த்து அவன் பெயரை ஒரு முறை கூப்பிட்டாள்.