பின்வாசல் லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பதினோராவது மாடியில் வீடு கிடைத்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் "உனக்கென்னப்பா, அடிச்சது யோகம்" என்றார்கள். யோகம் என்றுதான் அவரும் நினைத்தார். வாடகை எகிறி, உழைக்கிற ஜனமெல்லாம் நகரத்தை விட்டே ஓடுகிறது என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் ஐந்தில் ஒரு வீட்டைக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும். பதிலுக்கு இரண்டு மாடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம்.

கட்டடக்காரர்கள் அந்த இரண்டு மாடியையும் கட்டிக்கொண்டார்கள். குறைந்த வாடகை வீடுகளைப் பின்பக்கம் தள்ளினார்கள். முன்பக்கத்தாருக்குக் கண்ணாடிக் கதவு, சோபா, சத்தமே போடாத புது லிஃப்ட். பின்பக்கத்தாருக்குக் குப்பை அறையை ஒட்டி ஒரு வாசல், எங்கிருந்தோ கழற்றி வந்து மாட்டிய லிஃப்ட். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாடிக்கு மாடி பூட்டிய கதவு.

குடிபோன நாலாம் மாதமே மோட்டார் எரிந்து பின்பக்க லிஃப்ட் படுத்துவிட்டது. புது மோட்டார் போடாமல் மெக்கானிக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மெக்கானிக்கோடு அவர் மனைவியும் அண்ணனும் இருந்தார்கள். அண்ணன் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கால் வீங்கி நடக்க முடியாது. தம்பி அவரை முதுகில் சுமந்து பதினோரு மாடி இறங்குவார், திரும்ப ஏறுவார்.

"முப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினேன். இப்ப நீ என்னை ஏத்தி இறக்கறே. டிக்கெட் எடுக்கணுமாடா?" என்பார் அண்ணன்.

முதல் மாதம் சிரிப்பு வந்தது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், முன்பக்க லிஃப்டைப் பராமரித்தது மெக்கானிக்கின் கம்பெனிதான். மாதம் ஒருமுறை அவரே அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்ப்பார். ஒருநாள் கட்டட மேனேஜரிடம் கேட்டேவிட்டார்.

"பின்னாடி லிஃப்டை எப்ப சார் பாப்பீங்க?"

"அதுக்கு கான்ட்ராக்டே போடலையேப்பா."

"அந்த நடுக்கதவையாவது திறங்க. அண்ணனை முன்பக்கமா கூட்டிட்டுப் போறேன்."

"முன்பக்கத்துல இருக்கறவங்க சங்கடப்படுவாங்க."

வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வீடு குடுத்தாங்களா இல்லையா? லிஃப்ட் ஓடணும்னு இந்தச் சட்டத்துல எங்கயாவது இருக்கா?"

அன்று ஏறும்போது ஏழாவது மாடியில் முழங்கால் மடங்கி, அண்ணனும் தம்பியும் படியிலேயே சரிந்தார்கள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இனிமே நான் ஆஸ்பத்திரிக்கு வரலடா. விட்டுடு."

மெக்கானிக் அவரை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு மீதி மாடிகளை ஏறினார்.

அடுத்த வாரம் வருடாந்திரப் பாதுகாப்புச் சான்று. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். எத்தனையோ கட்டடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட படிவம் அது. இந்தமுறை வரி வரியாகப் படித்தார். 'இக்கட்டடத்தின் அனைத்து லிஃப்டுகளும்' என்றிருந்தது. கீழே எழுதினார்: இரண்டில் ஒன்று ஓடவில்லை, சான்று தர முடியாது. சான்று இல்லாத கட்டடத்தில் எந்த லிஃப்டும் ஓடக் கூடாது என்பது விதி. முன்பக்க லிஃப்டைத் தன் கையாலேயே நிறுத்திப் பூட்டினார்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ், என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"எல்லா லிஃப்டும்னு போட்டிருக்கு சார். நான் போடல. சர்க்கார் போட்டது."

முன்பக்கத்து ஆறாவது மாடி அம்மா கைநிறையப் பையோடு வழி மறித்தாள். "ஆறு மாடி ஏற மனுஷங்களால முடியுமா?"

"முடியும்மா. நான் பதினொண்ணு ஏறறேன், முதுகுல ஆளோட."

அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

ஐந்தாம் நாள் பின்பக்கத்துக்குப் புது மோட்டார் வந்தது. இரண்டு லிஃப்டும் ஓடின. அண்ணன் உட்கார்ந்த நாற்காலியோடே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த மாதமே கம்பெனி மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பியது. வாடிக்கையாளரைப் பகைத்துக்கொண்டாராம். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பார்க்கிறார், சம்பளம் முன்னைவிடக் குறைவு.

"அதான் ஓடுதே, இன்னும் எதுக்குப் பல்லைக் கடிக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அவங்க நாலு நாள் படி ஏறினதும் மோட்டார் வந்துடுச்சு. நாம ஏழு மாசம் ஏறினோமே, அது யார் கண்ணுக்காவது தெரிஞ்சுதா?" என்றவர், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.