வாசக மேடைக்கு ஒன்பது அடி

குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் மாதா கோயிலில் ஞாயிறு பூசையின் முதல் வாசகத்தை இருபத்திரண்டு வருஷமாக ஃபிளோராதான் படித்து வந்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாற்று நடப் போனவள். ஆனால் மைக் முன்னால் நின்றுவிட்டால் ஓர் எழுத்து பிசகாது. பின்வரிசையில் தூங்கி வழிகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். வாரமெல்லாம் சேற்றில் குனிந்தே கிடந்தவளுக்கு, நிமிர்ந்து நிற்கிற அந்த ஐந்து நிமிஷம் எவ்வளவு பெரிதென்று அவளுக்குத்தான் தெரியும்.

போன மாசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கை ஓரளவு திரும்பி வந்தது. முழங்காலும் மடங்கியது. பாதத்தின் முன்பக்கம் மட்டும் மேலே தூக்கவே இல்லை. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் பெருவிரல் தரையில் இழுபட்டது. நிலைப்படி தடுக்கி இரண்டு தரம் விழுந்தாள்.

பங்குச் சாமியார் நல்ல மனுஷர். "நாற்காலி போட்டு மைக்கை உங்ககிட்டயே கொண்டுவந்து வைக்கச் சொல்றேம்மா" என்றார்.

"வேணாம் சாமி. நடந்துபோய் நின்னுதான் படிப்பேன். ஆவணித் திருவிழா பூசை வரைக்கும் பாருங்க. அன்னிக்கும் முடியலன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், ஏன் அப்படிச் சொன்னோம் என்று அழுகையாக வந்தது.

கும்பகோணத்தில் பிசியோதெரபி பார்க்கிற கமருன்னிஸாதான் வழி சொன்னாள். "கால் நரம்பு நல்லாத்தாம்மா இருக்கு. மூளை சொல்றதுதான் அதுக்கு வந்து சேரல. அதை இந்த மெஷின் சொல்லும்." முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை, அதில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. செருப்பின் குதிகாலில் ஒரு பொத்தான். குதிகால் எழும்பியதும் பொத்தான் வயரில்லாமல் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி கரண்ட் கொடுக்கும். சுருசுருவென்று பாதம் தூக்கும். குதிகால் ஊன்றியதும் நின்றுவிடும்.

முதலில் பழக்கியது செருப்புப் பொத்தானில் அல்ல, கையில் வைத்து அமுக்குகிற பொத்தானில். அந்த வேலை ஃபிளோராவின் புருஷன் அருள்சாமிக்கு வாய்த்தது. அவள் ஊன்றி நிற்கும்போது அமுக்குவார், தூக்கும்போது விட்டுவிடுவார்.

"ஏங்க, பம்புசெட்டா போடுறீங்க? என் குதிகாலப் பாத்து அமுக்குங்க!"

"நீ ஒழுங்கா நடந்தா நான் ஒழுங்கா அமுக்குவேன்."

இந்தச் சண்டையிலேயே பத்து நாள் போயிற்று. அப்புறம் அவர் கட்டைவிரல் அவள் நடைக்குப் படிந்துவிட்டது. பிறகு அவள் செருப்புப் பொத்தானுக்கு மாறினாள். ஆனால் செருப்பின் வாரைப் போட்டுவிடச் சொன்னால் மட்டும் மனுஷர் அசையமாட்டார். "அதெல்லாம் எம் பொண்ணு போட்டுவிடும்" என்று வெளியே போய் நின்றுகொள்வார். பெண்டாட்டி செருப்பைத் தொடுவதாவது! மகள் லின்சிதான் வந்து மாட்டிவிடுவாள்.

ஃபிளோரா மட்டும் செருப்போடு கோயிலுக்குள் வரலாம் என்று சாமியாரிடம் முன்னதாகவே உத்தரவு வாங்கியாயிற்று. திருவிழாவன்று, முதல் பெஞ்சுக்குப் பக்கத்திலிருக்கும் பக்கவாசல் வழியாக உள்ளே போனாள். சாமியார் எழுந்து ஜெபம் சொல்லி முடித்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் எழுந்தாள்.

வலது கால் முன்னால் போனது. இடது கால் வரவில்லை. சுருசுருப்பு இல்லை. பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தாள். பட்டை இருந்தது, அதற்குக் கீழே வெறுங்கால்.

கோயில் வாசலில் ஐம்பது வருஷப் பழக்கம். கண்ணும் மனசும் பீடத்தைப் பார்த்திருக்க, கை தானாகக் கீழே போய் வாரை அவிழ்த்துவிட்டிருக்கிறது. வாசல் ஓரத்தில் இரண்டு செருப்பையும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள், பாவி. பொத்தானை மிதிக்க ஆளில்லாமல் பெட்டியும் ஓய்ந்துவிட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டே எட்டில் உட்கார்ந்ததில் அவளுக்குத் தெரியவே இல்லை.

மேடைக்கு ஒன்பது அடி. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கோயில் முழுக்க அவளையே பார்த்தது. அடுத்த வரிசையில் ஒரு பெண் அவளுக்குப் பதிலாகப் படிக்க எழுந்திருக்கலாமா என்று தயங்கியதும் தெரிந்தது. அவமானத்தில் காது சுட்டது. 'அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு' என்று உட்காரப் போனாள்.

ஆண்கள் பக்கமிருந்து அருள்சாமி எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அவளுடைய இடது செருப்பு. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, திருவிழா பூசையில், பீடத்துக்கு முன்னால், ஊரே பார்க்க. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் துரைராசு பதறிப்போய்ப் பாதி எழுந்தார். சாமியார் கையமர்த்தினார்.

மாட்டிவிடப் போகிறார் என்று நினைத்து ஃபிளோரா காலை நகர்த்தப் பார்த்தாள்.

"அதுக்கு நேரமில்ல. நீ நட" என்றார் அருள்சாமி. செருப்பை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, கட்டைவிரலால் அதன் குதிகால் பொத்தானை ஓர் அமுக்கு அமுக்கி விட்டார்.

பாதம் தூக்கியது.

அமுக்கினார், ஊன்றினாள். விட்டார், தூக்கினாள். அவள் குதிகாலை விட்டு அவர் கண் எடுக்கவில்லை. ஏழு அடி தரையில், இரண்டு அடி படியில். ஒரு தரம்கூட அவர் விரல் தப்பவில்லை.

ஃபிளோரா மேடையில் நிமிர்ந்து நின்று படித்தாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் உடைந்தது. அப்புறம் பழைய குரலே வந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கோயிலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, படிக்குக் கீழே ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், செருப்பும் கையுமாக.

படியிறங்கும்போது அவள் மெல்லச் சொன்னாள்: "பொறுமையா அமுக்குங்க. அவசரமில்ல."

"பேசாம நட" என்றார் அவர். அவர் குரல்தான் உடைந்திருந்தது.