எங்கட ஆக்கள் ஊதுறதில்லை

சரஸ்வதி பூசையைப் போல நல்ல பண்டிகை உலகத்தில் வேறு கிடையாது என்பதுதான் பத்து வயதில் என்னுடைய உறுதியான கருத்து. தீபாவளிக்குப் புது உடுப்புக் கழுத்தில் கடிக்கும். பொங்கலுக்குக் குளிரில் விடியப்புறம் எழும்ப வேண்டும். சரஸ்வதி பூசைக்கோ, கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் போதும். மறுநாள் விஜயதசமி விடியும் வரைக்கும் அதை ஒருவரும் தொடக்கூடாது. "படி" என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. நான் கணக்கோடு நிற்காமல் ஆங்கிலம், விஞ்ஞானம், பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் சேர்த்தே கலைமகளிடம் ஒப்படைத்துவிடுவேன். பக்தி என்றால் அது பக்தி.

அந்த வருஷம் பூசை சனிக்கிழமையில் வந்தது. முதல்நாள் பின்னேரம் பிரான்சிலிருந்து ரயிலேறி, லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்குச் சின்னம்மா வந்திருந்தாள். அம்மாவின் கடைசித் தங்கை. பிரான்சிலேயே வளர்ந்தவள். இருவருக்கும் மூத்தவர் மாமா. அவர்தான் முதலில் பாரிசுக்குப் போய், ரெஸ்டோரன்ட் குசினியில் கோப்பை கழுவி, தங்கைகளை ஊரிலிருந்து கூப்பிட்டவர். அப்போது சின்னம்மா சின்னக் குழந்தை. அவர்கள் இருந்த பகுதியில் நகரசபை நடத்திய இசைப்பள்ளியில் வயலின் வகுப்பு நிரம்பிப்போனதால், அவள் கையில் ஒரு கிளாரினெட் குழலைக் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளை விளையாடுகிறது என்று மாமாவும் விட்டுவிட்டார். விளையாட்டு வினையாகிவிட்டது. தங்கச்சி கணக்கியல் படிக்கிறாள் என்று மாமா சபை சந்தியெல்லாம் சொல்லித் திரிய, அவள் பெரிய இசைக் கல்லூரியில் சேர்ந்து பட்டமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

பிறகு தெற்கே ஒரு நகரத்து ஓர்க்கெஸ்ட்ராவில் இரண்டாவது கிளாரினெட். மாமாவும் அம்மாவும் லண்டனுக்கு மாறி, மாமா பலசரக்குக் கடை போட்டுப் பெரிய மனிதரான பிறகும் அவள் அதே இரண்டாவது நாற்காலியில்தான் இருந்தாள். தனியாக எழுந்து ஒலிக்கிற இடமெல்லாம் முதல் கிளாரினெட்டுக்கு. அங்கே முதல் நாற்காலிக்காரர் அசைகிற ஆளில்லை. அதனால் லண்டனில் ஒரு ஓர்க்கெஸ்ட்ராவில் முதல் இடம் காலி என்று கேள்விப்பட்டதும் சின்னம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேலைக்கான இன்டர்வியூ என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இன்டர்வியூ என்றால் திங்கட்கிழமைதானே நடக்கும் என்று அம்மா தன்பாட்டில் முடிவெடுத்துக்கொண்டாள்.

காலையில் சின்னம்மா குளித்துவிட்டு வந்து பார்க்கிறாள், கிளாரினெட் சாமிக்கு முன்னால் இருக்கிறது. என் கணக்குப் புத்தகத்தின் மேலே, துண்டு துண்டாகக் கழற்றியபடி. ஒவ்வொரு துண்டிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். வாயில் வைத்து ஊதுகிற நாணல் தகட்டுக்குக்கூட அம்மா ஒரு பொட்டு வைத்திருந்தாள். படிப்பு என்றால் எல்லாம் படிப்புத்தானே என்பது அவளுடைய எண்ணம். சின்னம்மா முதலில் சிரித்தாள். பிறகு, பின்னேரம் மூன்று மணிக்குத் தேர்வு என்று சொன்னாள். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

என் முகமும்தான். கிளாரினெட்டை எடுக்கலாம் என்றால், அதற்குக் கீழே இருக்கிற கணக்குப் புத்தகத்தையும் எடுக்கலாம் அல்லவா? நான் உடனே சாமியின் பக்கம் சேர்ந்துகொண்டேன். வைத்ததை எடுத்தால் படிப்பே வராமல் போய்விடும், கோயிலில் ஐயர் சொன்னார் என்று ஒரு பொய்யையும் எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மாமா கடையிலிருந்து வாழைப்பழச் சீப்பும் பூமாலையுமாக வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட். எப்படியும் எங்கள் வீட்டில் கற்பூரம் காட்டுவது மாமாதான், அது எழுதாத சட்டம். அவர் நாற்காலியில் ஏறிப் புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, மணியடித்து, கற்பூரம் காட்டி முடித்தார். தட்டைக் கீழே வைத்ததும் சின்னம்மா கையை நீட்டினாள்.

வைச்சதை எடுக்கக் கூடாது என்றார் மாமா. சின்னம்மா தேர்வு நேரத்தைச் சொன்னாள். அப்படியென்றால் இன்னும் நல்லது என்றார். சின்னம்மா சாமிப்படத்தைக் காட்டினாள்.

"அவவைப் பாருங்கோ அண்ணை. இண்டைக்கும் வீணையைக் கீழ வைக்கேல்லை."

நான் படத்தை உற்றுப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருஷமாக இதை ஒருவரும் கவனிக்கவில்லையே என்று எனக்குக் கலவரமாகப் போய்விட்டது.

மாமாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. சாமிக் கதையை விட்டுவிட்டு அசல் கதைக்கு வந்தார்.

"எங்கட ஆக்கள் ஊதுறதில்லை. உனக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?"

"நான் ஊதுறன்," என்றாள் சின்னம்மா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் ஏன் ஊதுவதில்லை? நாங்கள் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதுகிறோம், மெழுகுதிரி ஊதுகிறோம், மாமா தேத்தண்ணீரையே ஊதி ஊதித்தான் குடிப்பார். பரம்பரையாக நெஞ்சு பலவீனமோ என்று யோசித்தேன். யார் ஊதலாம், யார் மேளம் அடிக்கலாம், யார் வெறுமனே உட்கார்ந்து கேட்கலாம் என்று ஊரில் பிறப்பை வைத்துப் பிரித்த பிரிவினையை மாமா பாரிசுக்கும் காவிப்போய், அங்கிருந்து லண்டனுக்கும் காவி வந்திருந்தார். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்குப் பொன்னாடை போர்த்துகிறவரும் அவர்தான். அதே மனிதர் கடைக்கு வந்தால் பேப்பர் கப்பில் தேத்தண்ணீர் கொடுக்கச் சொல்கிறவரும் அவர்தான். இதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்னம்மா குரலை உயர்த்தவில்லை. "அங்க திரைக்குப் பின்னால நிண்டுதான் வாசிக்க வேணும், அண்ணை. ஆர் ஊதுறதெண்டு ஒருத்தரும் பார்க்கமாட்டினம். சத்தத்தை மட்டும்தான் கேப்பினம்."

அது மாமாவுக்குச் சுட்டிருக்க வேண்டும். அவர் சின்னம்மாவை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். தான் கழுவிய கோப்பைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

"இண்டைக்கு அதை எடுத்தால், நான் இனி உன்ர வாசல் மிதிக்கமாட்டன்."

நீட்டிய கையைச் சின்னம்மா மடக்கிக்கொண்டாள். தனக்கு வருவதென்றால் அவள் எதற்கும் துணிந்தவள். இது அக்காவின் வாசல். அவள் மெதுவாகப் பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றாள். நாங்கள் வென்றுவிட்டோம், நானும் மாமாவும் என்று எனக்குள் ஒரே புளுகமும் குதூகலமும்.

அம்மா அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொன்னதை நான் கண்டதே இல்லை. கலியாணம்கூட அவர் காட்டிய மாப்பிள்ளைதான். அவள் சாமிக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள். கும்பிட்ட கையாலேயே கிளாரினெட்டின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்து, பெட்டியில் வைத்தாள். எந்தத் துண்டு எந்தக் குழியில் என்று தெரியாததால் பெட்டி மூடவில்லை. மூடாத பெட்டியை அப்படியே தூக்கித் தங்கையின் கையில் கொடுத்தாள்.

"வெளிக்கிடு. பஸ் போயிடும்."

மாமா முன்கதவடியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். வடையும் கடலையும் பொங்கலும் போட்டு வைத்த வாழையிலை அப்படியே கிடந்தது. நான் இருந்தாற்போல், அப்படியென்றால் என்னுடைய கணக்குப் புத்தகம் என்று கேட்டுத் தொலைத்தேன். அம்மா அதையும் எடுத்து என் கையில் திணித்தாள். உலகத்தில் சரஸ்வதி பூசையன்று பின்ன எண்களைக் கூட்டிய ஒரே தமிழ்ப் பிள்ளை நானாகத்தான் இருக்கும்.

சின்னம்மாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கடைசிச் சுற்றுவரை போனாளாம். கிளாரினெட்டில் விரல் வைக்கிற ஏதோ ஒரு விசைக்கு அடியில் சந்தனம் இருந்து, மூச்சு விடும்போதெல்லாம் கோயில் மணத்ததாம். அடுத்த முறையும் வருவேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள். வந்தாள், அதுவும் கிடைக்கவில்லை. அதற்கும் பிறகுதான் பிரான்சின் வடக்கே ஒரு நகரத்தில் முதல் நாற்காலி கிடைத்தது. இன்றைக்கும் அதில்தான் இருக்கிறாள். அவளை அசைத்துப் பார்க்கட்டும் பார்ப்போம்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரத்தில்தான் அவருடைய கடை. அம்மா சாமான் வாங்க வேறு கடைக்குப் போகத் தொடங்கினாள். எனக்கு அது வசதியாகவே இருந்தது, மாமா வந்தால் டிவியில் செய்தி மட்டும்தான் ஓடும்.

அடுத்த வருஷப் பூசைக்குக் கற்பூரம் காட்டச் சொல்லி அம்மா தட்டை என்னிடம் தந்தாள். அப்பா நின்றிருந்தும் என்னிடம் தந்தாள். வீட்டில் பெரிய ஆளாகிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மணியை ஓங்கி அடித்தேன். தட்டை அம்மாவிடம் நீட்டியபோது அவள் சுவாலையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிய கையை எடுக்கவில்லை, அப்படியே நின்றாள். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று நினைத்து நான் ஓடிப்போய் யன்னலைத் திறந்துவிட்டேன்.